மில்லி மரோட்டாவின் விலங்கு வண்ணப் புத்தகங்கள்: கோடும் வெற்றிடமும்

‘அனிமல் கிங்டம்’ (விலங்கு ராஜ்யம்) வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஓவியர் மில்லி மரோட்டா வரைந்த வண்ணம் தீட்டும் புத்தகம். பிரிட்டனின் பேட்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 2014-இல் இதை வெளியிட்டது. பலவகை விலங்குகளும் பறவைகளும் மெல்லிய கறுப்புக் கோட்டில் அச்சிடப்பட்டிருக்கும். உடல் முழுவதும் இலை, இதழ், செதில், வளையம் போன்ற நுண்ணிய வடிவங்கள் நிறைந்திருக்கும். வண்ணம் தீட்டுவது வாங்கியவரின் வேலை. இதைத் தொடர்ந்து ‘டிராபிகல் வொண்டர்லேண்ட்’ (2015), ‘வைல்ட் சவானா’ (2016) முதலியவை வந்தன.

பெரியவர்களை எண்ணித் தயாரிக்கப்பட்ட புத்தகம் இது. ஆனால் விலங்குப் படம் என்றால் குழந்தைகளுக்குத்தான் என்பது உலக வழக்கம். அதனால் அம்மா வாங்கிய புத்தகம் மகள் கைக்குப் போவதும், பேரனுக்கு வாங்கியதைத் தாத்தா எடுத்து உட்காருவதும் இயல்பாக நடக்கும். ‘எல்லா வயதினருக்கும்’ என்ற சொல் இந்த வகைப் புத்தகங்களோடு ஒட்டியே வருகிறது. இந்தச் சொல்லைத்தான் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரே படம் ஆறு வயதுக் குழந்தைக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே நன்மையைச் செய்வதில்லை. ஒருவருக்கு அது கொடுப்பதை மற்றவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் கூடும். மரோட்டாவின் புத்தகத்தில் இதற்கு ஒரு விடை ஒளிந்திருக்கிறது. ஆனால் அது மிக அழகான பக்கங்களில் இல்லை.

பின்னணி

வண்ணம் தீட்டும் புத்தகம் புதிய பொருள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் மெக்லாஃப்லின் பிரதர்ஸ் நிறுவனம் ஆங்கில ஓவியர் கேட் கிரீனவேயின் படங்களைக் கொண்டு குழந்தைகளுக்கான ஓவியப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. 1903-இல் கிரயோலா மெழுகு வண்ணக்குச்சிகள் எட்டு நிறங்களில், ஐந்து சென்ட் விலையில் கடைக்கு வந்தன. வண்ணக்குச்சி மலிவானபின் வண்ணப் புத்தகமும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகம் முதலில் கேலியாகத்தான் பெரிய அளவில் பேசப்பட்டது. அமெரிக்காவில் 1961-இல் வந்த ‘எக்ஸிகியூட்டிவ் கலரிங் புக்’ அலுவலக அதிகாரி ஒருவரின் ஒரு நாளைப் படம் படமாகக் காட்டி, எதற்கு எந்த நிறம் அடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. சூட்டுக்குச் சாம்பல் நிறம். வேறு நிறம் அடித்தால் வேலை போய்விடும் என்ற தொனி. கோட்டுக்குள் அடங்கி நடப்பதையே பகடி செய்தது அந்தப் புத்தகம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே அடக்கத்தை நிம்மதி என்ற பெயரில் மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும் செய்திதான்.

இப்போதைய அலையைத் தொடங்கி வைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டு. அவருடைய தாத்தா ஆரன் தீவிலுள்ள பிராடிக் கோட்டையின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். அந்தத் தோட்ட நினைவுகளின் சாயல் கொண்ட ‘சீக்ரெட் கார்டன்’ 2013-இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகம் கேட்டு வந்த பதிப்பகத்திடம் பெரியவர்களுக்காக வரைகிறேன் என்று சொன்னவர் அவர். அமெரிக்காவில் 2014-இல் சுமார் 10 லட்சம் பிரதிகள் விற்ற பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகங்கள், 2015-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் விற்றதாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. ஜெர்மனியின் ஃபேபர் காஸ்டெல் நிறுவனம் கலர் பென்சில் தேவையைச் சமாளிக்கக் கூடுதல் ஷிப்ட் போட வேண்டியிருந்தது. வேகமாக ஏறியது வேகமாக இறங்கவும் செய்தது. 2017-இல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகள் தங்கள் விற்பனைச் சரிவுக்குச் சொன்ன காரணங்களில் வண்ணப் புத்தக மோகம் தணிந்ததும் ஒன்று.

அலை வடிந்தபின் மிஞ்சிய புத்தகங்களைத்தான் நிதானமாக மதிப்பிட முடியும்.

கோட்டின் இயல்பு

மரோட்டாவின் பலம் வெளிக்கோட்டில் இருக்கிறது. அவருடைய விலங்குகளின் உடலில் எவ்வளவு பூவேலை இருந்தாலும் உருவத்தின் விளிம்பு ஏமாற்றுவதில்லை. யானையின் முதுகு வளைய வேண்டிய இடத்தில் வளைகிறது. எடையைத் தாங்கும் கால் தாங்கும் கால்போலவே நிற்கிறது. குழந்தைகளுக்கான மலிவு வண்ணப் புத்தகங்களில் வரும் விலங்குகளோடு ஒப்பிட்டால் இது எளிதில் புரியும். அவற்றில் கரடி, பூனை, சிங்கம் எல்லாவற்றுக்கும் ஒரே வட்ட முகமும் ஒரே சிரிப்பும் இருக்கும். காதையும் வாலையும் மாற்றிவிட்டால் விலங்கு மாறிவிடும். மரோட்டாவின் படத்தில் உள்ளே இருக்கும் அலங்காரத்தை முழுவதும் அழித்துவிட்டு விளிம்பை மட்டும் காட்டினாலும் எந்த விலங்கு என்று சொல்லிவிடலாம்.

உள் அலங்காரத்தைப் பற்றி இவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. அலங்காரம் உடலின் அமைப்போடு ஒத்துப்போகும் இடங்களில் அது பாடமும் நடத்துகிறது. ஆந்தையின் மார்பில் வரிசையாக அடுக்கப்பட்ட இதழ்கள் இறகின் அடுக்கைப் பின்பற்றுகின்றன. வண்ணம் தீட்டுபவர் ஒவ்வோர் இதழாகக் கடக்கும்போது இறகு எந்தத் திசையில் படிகிறது, எங்கே சிறுக்கிறது, எங்கே நீள்கிறது என்பதைக் கை தானாகவே அறிந்துகொள்கிறது. மீனின் செதிலும் அப்படியே. ஆனால் யானையின் விலாவில் வரும் பூக்களுக்கு யானையோடு எந்த உறவும் இல்லை. சுருக்கம் விழுந்த தடித்த தோல்தான் யானையின் முகவரி. அதன்மேல் பூ படர்ந்ததும் அது திருவிழாவுக்கு முகபடாம் கட்டிய யானைபோல் ஆகிவிடுகிறது. அழகுதான், ஆனால் அடுத்த பக்கத்து விலங்குக்கும் அதே துணியைப் போர்த்தலாம்.

இந்த இடத்தில் மற்ற இருவரோடு ஒப்பிடுவது பயன் தரும். பாஸ்ஃபோர்டின் ‘என்சான்டட் ஃபாரஸ்ட்’ (2015) விலங்குகளை மையமாக வைப்பதில்லை. காடு, கோட்டை, கொடிகள் இவற்றுக்கு நடுவே ஆந்தையும் மானும் எட்டிப் பார்க்கும். பக்கங்களில் மறைந்திருக்கும் சின்னங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒரு விளையாட்டு. அங்கே விலங்கு ஒரு கதைமாந்தர். உடலமைப்பைப் பற்றிக் கேள்வி எழாது. பிலிப்பைன்ஸ் ஓவியர் கெர்பி ரோசானெஸின் ‘அனிமார்ஃபியா’ (2015) முற்றிலும் வேறு திசையில் செல்கிறது. ஒரு விலங்கின் உடல் கலைந்து நூற்றுக்கணக்கான குட்டி உருவங்களாகக் கொட்டும். இது உண்மை விலங்கு என்று அந்தப் படம் ஒரு கணமும் நடிப்பதில்லை. கற்பனை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கற்பனை செய்வதில் ஒரு நேர்மை உண்டு. மரோட்டா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்: உருவம் நிஜம், தோல் கற்பனை. அவருடைய கவர்ச்சியும் சிக்கலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

இன்னொரு குறையை ஓவியம் கற்பித்தவர்கள் உடனே கவனிப்பார்கள். நுண்ணிய அறைகளாகப் பிரிக்கப்பட்ட படம், தீட்டுபவரையும் அறை அறையாகவே சிந்திக்க வைக்கிறது. ஓர் இதழுக்கு நீலம், அடுத்ததற்குப் பச்சை, அதற்கடுத்ததற்கு மஞ்சள் என்று போய் முடிவில் விலங்கு ஒட்டுத்துணியாகிவிடும். உருண்ட உடலுக்கு வெளிச்சம் விழும் பக்கமும் நிழல் படியும் பக்கமும் உண்டு; அந்த வெளிச்சமும் நிழலும் அறைகளைப் பார்த்து நின்றுவிடுவதில்லை, அவற்றைக் கடந்து பரவுகின்றன. இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் கலர் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, உடல் முழுவதும் ஒரே இளம் நிறத்தை மெல்லப் படரவிட வேண்டும். வயிற்றின் அடிப்பகுதியிலும் கால்களின் உள்பக்கத்திலும் சற்று அழுத்த வேண்டும். அதன்பிறகு இதழ்களுக்குள் நுழைந்தால் யானை யானையாகவே இருக்கும். புத்தகம் இதைச் சொல்லித் தருவதில்லை.

குழந்தையின் பறவை

வண்ணப் புத்தகத்துக்கு எதிராகக் கல்வியாளர்கள் எழுப்பிய குரல்களில் அதிகம் பேசப்பட்டது விக்டர் லோவன்ஃபெல்டின் குரல். ஆஸ்திரியாவில் பிறந்து, வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கலை கற்பித்தவர் அவர். பின்னர் அமெரிக்காவுக்குப் போய் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலைக்கல்வித் துறையை வளர்த்தார். 1947-இல் வெளிவந்த அவருடைய ‘கிரியேட்டிவ் அண்ட் மென்டல் குரோத்’ நூல் பல தலைமுறை ஓவிய ஆசிரியர்களின் பாடநூலாக இருந்தது.

அந்நூலின் பிற்காலப் பதிப்புகளில் மூன்று படங்கள் வரும். முதலாவது, ஒரு குழந்தை தானாக வரைந்த பறவை. இரண்டாவது, பயிற்சிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பறவை. அதற்குக் குழந்தை வண்ணம் தீட்டுகிறது. மூன்றாவது, அதன்பின் அதே குழந்தை வரைந்த பறவை. முதல் பறவை குழந்தைக்கே உரியது. மூன்றாவது, அச்சுப் பறவையின் நகல். 1952-இல் ரஸ்ஸல், வாகமன் என்ற இருவர் இதே பொருளில் செய்த ஆய்வை ஒட்டி லோவன்ஃபெல்டு இந்த வாதத்தை முன்வைத்தார். குழந்தை ஒரு பறவையை இழந்துவிட்டது என்பது அவருடைய முடிவு.

இந்த வாதத்தை அப்படியே மரோட்டாவின்மேல் ஏற்றிவிட முடியாது. பயிற்சிப் புத்தகத்துப் பறவை உயிரற்ற வெறும் அச்சுரு. மரோட்டாவின் பறவையில் பார்த்து அறிந்த கண் இருக்கிறது. நல்ல படத்தைப் பார்த்து எதுவும் கற்க முடியாது என்றால் ஓவியம் என்ற கலையே தலைமுறை தாண்டி வந்திருக்காது. ஆனாலும் லோவன்ஃபெல்டின் அச்சம் இங்கே வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது. மோசமான பறவையைக் குழந்தையால் நகலெடுக்க முடிந்தது. மரோட்டாவின் பறவையைக் குழந்தையால் நகலெடுக்கவே முடியாது. ஆறு வயதுக் கைக்கு எட்டாத நுணுக்கம் அது. எட்டாததைப் பார்த்ததும் குழந்தை வந்துசேரும் முடிவு ஒன்றுதான்: எனக்கு வரையத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பலகாலம் இருந்தவர்கள் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு கைத்திறன் சிக்கலும் உண்டு. தடித்த மெழுகுக் கிரேயானைப் பிடித்த சிறு விரல்களுக்கு அரிசி அளவு அறைக்குள் நிறம் அடங்காது. வெளியே போகும். அருகில் இருக்கும் பெரியவர், அதிலும் புத்தகத்துக்குக் காசு கொடுத்தவர், “கோட்டைத் தாண்டாதே” என்பார். பிழையே இல்லாத இடத்தில் குழந்தைக்கு ஒரு பிழை கிடைத்துவிடுகிறது.

பெரியவரின் நிலை இதற்கு நேர் எதிர். எனக்கு வரையத் தெரியாது என்ற முடிவுக்கு அவர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வந்து, பென்சிலைக் கீழே வைத்து முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். அவரிடமிருந்து எடுக்க இனி எதுவும் இல்லை. நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும், ஒரு மணி நேரம் தாளின்மேல் குனிந்திருக்கவும் இந்தப் புத்தகம் அவருக்கு ஒரு சாக்கு தருகிறது. வெற்றுத்தாளைக் கண்டால் பயப்படும் ஒருவரைத் தாளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது சிறிய காரியமில்லை.

வெற்றிடம்

அமெரிக்க ஓவிய ஆசிரியர் சூசன் ஸ்டிரைக்கர் 1978-இல் ‘ஆன்டி கலரிங் புக்’ என்ற புத்தகத்தை எட்வர்டு கிம்மலோடு சேர்ந்து வெளியிட்டார். பெயரே எதிர்ப்பு. அதில் முழுப்படம் இருக்காது. பக்கத்தில் ஒரு துண்டுப் படமும் ஒரு கேள்வியும் இருக்கும்; மீதியைக் குழந்தை வரைந்து முடிக்க வேண்டும். வண்ணப் புத்தகத்தை ஒழிக்கச் சொல்லாமல், அதற்குள்ளேயே குழந்தைக்கு இடம் ஒதுக்கிய முயற்சி அது.

‘அனிமல் கிங்டம்’ புத்தகத்திலும் இதற்கு உறவான பக்கங்கள் இருக்கின்றன. சில படங்களில் விலங்கின் ஒரு பகுதி மட்டும் வேலைப்பாட்டோடு இருக்கும்; மற்றப் பகுதி வெளிக்கோட்டோடு நின்றுவிடும். அலங்காரத்தைத் தீட்டுபவரே வரைந்து தொடரலாம். இன்னும் சில இடங்களில் விலங்கைச் சுற்றி என்ன இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அமெரிக்கப் பதிப்பின் துணைத்தலைப்பு இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது: ‘கலர் மீ, டிரா மீ’ — எனக்கு வண்ணம் தீட்டு, என்னை வரை. பிரிட்டிஷ் பதிப்பு இதைச் சாகசம் என்ற பொதுச்சொல்லுக்குள் அடக்கிவிட்டது. அமெரிக்கத் தலைப்பே பொருத்தமானது.

கடையில் புரட்டிப் பார்க்கும்போது இந்தப் பக்கங்கள் குறைபட்டவைபோல் தோன்றும். ஓவியர் சோம்பல்பட்டு விட்டுவிட்டாரோ என்றுகூடத் தோன்றலாம். விலைக்குத் தகுந்த வேலைப்பாடு நிறைந்த பக்கங்களையே கண் தேடும். ஆனால் புத்தகம் ‘எல்லா வயதினருக்கும்’ என்று உரிமை கொண்டாட முடியுமென்றால் இந்தப் பக்கங்களை வைத்துத்தான் முடியும். ஓர் ஆந்தையின் வெளிக்கோடு கிடைத்தால் ஆறு வயதுக் குழந்தை அதற்குள் சட்டை போடும், பொத்தான் வைக்கும், வயிற்றில் ஒரு குட்டி ஆந்தையை உட்கார வைக்கும். குழந்தையின் பறவை இங்கே தொலைவதில்லை; கடன் வாங்கிய விளிம்புக்குள் அது பிழைத்துக்கொள்கிறது. அதே பக்கம் பெரியவருக்குக் கிடைத்தால் அவர் பக்கத்து இறகில் ஓவியர் போட்ட இதழைப் பார்த்து இன்னொன்று போட்டுப் பார்க்கிறார். முதல் இதழ் கோணலாக வரும். ஐந்தாவது கொஞ்சம் ஒழுங்காக வரும். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அவர் ஒரு கோடு வரைந்திருக்கிறார்.

குறை என்னவென்றால், இத்தகைய பக்கங்கள் போதவில்லை. நெருக்கமான வேலைப்பாடுதான் இந்தப் புத்தகத்தின் புகழ். வெற்றிடம் விருந்தாளியாகவே இருக்கிறது. பக்கங்களில் பாதியையாவது அதற்குக் கொடுத்திருந்தால் இது அந்த அலையின் மற்றப் புத்தகங்களிலிருந்து முழுதாக விலகி நின்றிருக்கும்.

மன அமைதி என்ற விளம்பரம்

வண்ணம் தீட்டினால் மனஅழுத்தம் குறையும் என்று சொல்லியே பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகங்கள் விற்கப்பட்டன. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2005-இல் நான்சி கரி, டிம் காசர் இருவரும் 84 கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். முதலில் மாணவர்களுக்குச் சற்றுப் பதற்றம் ஏற்படுத்தப்பட்டது. பிறகு ஒரு பிரிவினர் மண்டல வடிவத்துக்கும், ஒரு பிரிவினர் கட்டம் போட்ட துணிபோன்ற வடிவத்துக்கும் வண்ணம் தீட்டினர். மூன்றாம் பிரிவினருக்கு வெற்றுத்தாள் கொடுக்கப்பட்டது. வடிவங்களுக்கு வண்ணம் தீட்டிய இரு பிரிவினருக்கும் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

இந்த முடிவு மேலே சொன்ன வெற்றிடப் புகழ்ச்சிக்கு எதிரானது. எதை வரைவது என்று யோசிக்க வேண்டியிருப்பதே ஒரு சுமை. கோடு போட்டுக் கொடுத்தால் அந்தச் சுமை இறங்குகிறது. அமைதி வேண்டுமென்றால் கட்டுப்பாடு உதவுகிறது. இதை மறுத்துப் பயனில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கிரிஜா கைமலும் அவருடைய சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, வண்ணம் தீட்டுவதையும் கலைச்சிகிச்சையாளர் ஒருவர் உடனிருக்க விருப்பம்போல் படைப்பதையும் ஒப்பிட்டது. மனஅழுத்தம் இரண்டிலும் குறைந்தது. மகிழ்ச்சியான மனநிலை, தன்னால் படைக்க முடியும் என்ற நம்பிக்கை ஆகியவை கூடியது இரண்டாவதில்தான். இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. முதல் ஆய்வில் வெற்றுத்தாளோடு மாணவர் தனியாக விடப்பட்டார். இரண்டாவதில் பக்கத்தில் ஒருவர் இருந்தார். தனியே இருப்பவரை வெற்றுத்தாள் மிரட்டுகிறது. துணைக்கு ஆள் இருந்தால் அதே தாள் இடம் கொடுக்கிறது.

மரோட்டாவின் பாதி நிரம்பிய பக்கத்தை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். ஆசிரியரோ சிகிச்சையாளரோ பக்கத்தில் இல்லாத வீட்டில், ஓவியர் தொடங்கிவைத்த கோடு ஓரளவு அந்தத் துணையின் வேலையைச் செய்கிறது.

விலங்கும் அலங்காரமும்

விலங்கின் உடலை அலங்காரத்தால் நிரப்புவதில் ஓர் ஆபத்து உண்டு. ஐரோப்பியக் கலை வரலாற்றில் அதற்குப் புகழ்பெற்ற சான்று ஆல்பிரெக்ட் டியூரரின் காண்டாமிருகம். 1515-இல் இந்தியாவிலிருந்து கப்பலில் ஒரு காண்டாமிருகம் லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தது. குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்த பரிசு அது. டியூரர் அதை நேரில் பார்த்ததே இல்லை. வந்து சேர்ந்த வர்ணனையையும் ஒரு குறிப்பு ஓவியத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்குப் படம் செய்தார். தோல் மடிப்புகள் ஆணி அடித்த கவசத் தகடுகளாயின. கால்களில் செதில்கள் வந்தன. பிடரியில் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்தது. படம் அபார அழகு. அந்த அழகினாலேயே 200 ஆண்டுகளுக்கு மேலாக இயற்கை நூல்கள் அதை நகலெடுத்துக்கொண்டிருந்தன. அலங்காரம் தகவலாக மாறிவிட்டது.

மரோட்டாவின் யானையைப் பார்த்து யானையின் தோலில் பூ இருக்கும் என்று யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் நாமெல்லாம் கேள்விப்பட்டும் இராத ஒரு பூச்சியையோ ஆழ்கடல் மீனையோ குழந்தை முதன்முதலாக இப்படிப்பட்ட பக்கத்தில் சந்தித்தால், எது உடல், எது ஓவியரின் வேலைப்பாடு என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. எந்த நிறமும் சரி என்ற சுதந்திரத்துக்கும் இதே மறுபக்கம் இருக்கிறது. ஊதா நிறப் புலி தீட்டுவதில் தவறில்லை. புலியின் நிறம் தெரிந்த குழந்தைக்கு அது விளையாட்டு. தெரியாத குழந்தைக்கு அதில் விளையாட்டே இல்லை.

மரோட்டா 2019-இல் ‘எ வைல்ட் சைல்ட்ஸ் கைட் டு என்டேஞ்சர்டு அனிமல்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைப் பற்றிக் குழந்தைகளுக்காக எழுதப்பட்டது. இங்கே ஓவியம் மட்டும் அல்ல, எழுத்தும் அவருடையது. வண்ணமும் அவரே தீட்டியது. விலங்கு எங்கே வாழ்கிறது, ஏன் குறைந்து வருகிறது என்று பக்கங்கள் பேசுகின்றன. முந்தைய புத்தகங்களில் வெண்தாளில் மிதந்துகொண்டிருந்த விலங்குகளுக்கு இதில்தான் ஓர் ஊர் கிடைத்தது. வண்ணப் புத்தக அலையில் புகழ்பெற்ற ஓவியர் அந்தப் புகழை இப்படிச் செலவழித்தது பாராட்டத்தக்கது. அலையில் வந்த பலர் அடுத்த வண்ணப் புத்தகத்தோடு நின்றுவிட்டார்கள்.

தாளும் பென்சிலும்

‘அனிமல் கிங்டம்’ தாளின் இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்டது. ஸ்கெட்ச் பேனா பயன்படுத்தினால் மை ஊறி மறுபக்கத்துப் படத்தைக் கெடுக்கும். கலர் பென்சிலே ஏற்றது; அதையும் அடிக்கடி கூராக்கிக்கொள்ள வேண்டும். நீர்வண்ணம் தாளைச் சுருக்கும்.

வீட்டில் பெரியவரும் குழந்தையும் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்வதானால், நெருக்கமான பக்கங்களைப் பெரியவர் எடுத்துக்கொண்டு வெளிக்கோட்டுப் பக்கங்களைக் குழந்தைக்கு விட்டுவிடுவது நல்லது. அதற்கும் முன்னால், படத்தைக் காட்டாமல், அந்த விலங்கைக் குழந்தையை ஒரு வெற்றுத்தாளில் வரையச் சொல்லி அந்தத் தாளைத் தேதி போட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். லோவன்ஃபெல்டு காட்டிய மூன்று படங்களில் முதலாவது அப்போது வீட்டிலேயே இருக்கும்.